முதலில் இடுப்புப்பட்டி

பல்துப்பாக்கிச் சுடுபோட்டி என ஒரு விளையாட்டு அமெரிக்காவில் உண்டு. றைபிள், கைத்துப்பாக்கி, ஷொட்கன் ஆகிய மூன்றினையும் ஒருவரே கையாண்டு, தடுப்புகளுக்கிடையே ஓடியவாறு, கடதாசி இலக்குகளையும் உருக்குத் தகடுகளையும் சுடுதல் வேண்டும். பின்னால் நிற்கும் நடுவரின் கைக்கருவி ஒலித்ததும் ஓட்டம் தொடங்கும். இறுதி வெடியோசையையும் அக்கருவியே கேட்டு, நேரத்தைச் செக்கனின் நூறிலொரு பங்கு வரை காட்டும். தவறவிட்ட இலக்குகளுக்காக மேலதிக நேரம் சேர்க்கப்படும்.

இதனை நான் அறிந்தது, 2016 முதல் 2018 வரை மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிற் பட்டமேற்படிப்பு மேற்கொண்டிருந்த காலத்திலாகும். நடைமுறைச் சுடுகலைக்கான சர்வதேசச் சம்மேளனம் 1976 இல் அந்நகரிலேயே தோற்றம் பெற்றதென்பதும், ஜெஃப் கூப்பர் என்பார் அதன் முதல் தலைவரானார் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. என் ஆய்வுகூடத் தோழர் ஒருவர் இவ்விளையாட்டில் இறங்க விரும்பினார். மாணவ விசாவில் இருப்போர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளின்றித் துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. ஆதலின் நான், கடதாசி இலக்குகளின் துளைகளை ஒட்டும் உதவியாளனாகவே உடன்சென்றேன்.

துவக்கு என்ற சொல்லை வன்னி வேட்டைக்காரரின் இடியனோடு முதலிற் கேட்டு, பின்னர் வேறு வகையில் அறிய நேர்ந்த தலைமுறையினன் நான். முதல் நாள் ஒவ்வொரு வெடிக்கும் என் தோள்கள் தாமாகவே குறுகின. “படிக்கப் போன இடத்திலையும் துவக்கோ?” எனத் தொலைபேசியில் அம்மா கேட்டார்.

தோழரின் கவலையோ பணம் பற்றியது. உதவித்தொகையில் மிச்சம்பிடித்த சிறு தொகையை விலையுயர்ந்த றைபிள் ஒன்றிற் செலவிட அவர் எண்ணியிருந்தார். கழகத்தின் மூத்த நடுவர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், அவரை மறித்தார். முதலில் நல்ல இடுப்புப்பட்டி ஒன்றை வாங்குமாறும், துப்பாக்கிகளை இரவல் பெறலாமென்றும் கூறினார்.

அவர் கூற்றின் பொருள் மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. அப்பட்டி இரு படைகளாலானது. உட்பட்டி காற்சட்டையின் வளையங்களுக்கூடாகச் செல்லும். விறைப்பான வெளிப்பட்டி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கைத்துப்பாக்கியின் உறை, ரவைக்கூடுகள், ஷொட்கன் தோட்டாக்கள் யாவற்றையும் தாங்குவது அதுவே. பட்டி தளர்ந்தால் துப்பாக்கியை உருவும்போது உறையும் கூடவே எழும். றைபிளைச் சுட்டவாறு ஓடுபவரின் இடுப்பிலே ரவையிட்ட கைத்துப்பாக்கி இருக்கிறது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். உறை விசையை முற்றாக மறைத்து, முழந்தாளிட்டாலும் குனிந்தாலும் ஆயுதத்தை விடாது பற்றியிருத்தல் அவசியம். அது நழுவி வீழ்ந்தால் அன்றைய போட்டி அவருக்கு முடிந்துவிடும். குழல்வாய் 180 பாகை எல்லையைக் கடந்து பின்புறம் திரும்பினாலும் அதே கதிதான்.

பட்டியின் மற்றொரு பயன் ஷொட்கன்னோடு தொடர்புடையது. அதன் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள குழாயில், கையால் ஒவ்வொன்றாக இடப்படுபவை. ஓட்டத்தின் நடுவே அவை தீர்ந்துவிடும். பழகியவர்கள் பட்டியிலிருந்து நான்கு தோட்டாக்களை ஒருங்கே பற்றி, இரண்டிரண்டாக உள்ளே தள்ளுவதைக் கண்டு வியந்தேன். புதியவரின் நேரம் பெரிதும் வீணாவது இங்கேதான். விலையுயர்ந்த றைபிள் இதனை ஈடுசெய்யாது. அன்றியும், ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் சிறு சன்னத் தோட்டாவும் பட்டியில் வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். கிட்டவுள்ள உருக்குத் தகட்டை ஒற்றைக் குண்டால் அடித்தால் சிதறல் ஆளையே தாக்கும். மாமனிடமிருந்து வந்த பழைய வேட்டை ஷொட்கன் ஒன்று தோழரிடம் இருந்தது. அதுவே போதுமெனக் கொண்டு, வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களால் இரவுதோறும் வீட்டிற் பழகினார்.

றைபிளைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. பெரும்பாலோர் .223 அளவுடைய ஏஆர்-15 வகையையே பயன்படுத்துகின்றனர். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதை முன்னரே தீர்மானித்தல் நன்று. குறிபார்க்கும் வில்லைகள் எத்தனை, எத்தகையன என்பதைப் பிரிவின் விதிகளே வரையறுக்கின்றன. ரவையிலும் கணக்குண்டு. 115 கிறேன் எடையுள்ள சன்னம் செக்கனுக்கு 1,100 அடி வேகத்திற் சென்றால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 126.5 வரும், கைத்துப்பாக்கிக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 125 ஐ அது மட்டுமட்டாகத் தாண்டும். மலிவு ரவையை வாங்குமுன் காந்தம் ஒன்றை அருகிற் பிடித்துப் பார்க்குமாறு தச்சர் அறிவுறுத்தினார். உருக்கு உட்கரு கொண்ட சன்னங்கள் இலக்குத் தகடுகளைக் குழிப்பதால், பல களங்கள் அவற்றை அனுமதிப்பதில்லை.

என் சொந்தப் பணத்தில் நான் வாங்கிய கருவி ஒன்றே: காதுறை. துப்பாக்கி வெடியின் உச்ச ஒலி 140 டெசிபெலைத் தாண்டுவது. செவிப்புலனுக்கு ஒரே வெடியாலும் கேடு நேரலாம். நான் வாங்கியது மின்னணு வகை. பேச்சை உள்ளே விட்டு, வெடியை அடக்குவது. அதை அணிந்த பின்னரே நடுவரின் கட்டளைகள் எனக்குத் தெளிவாகக் கேட்டன. ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் ரவைகளை அகற்றிக் காட்டுமாறு கேட்பார்; வெறுமையான அறையை உற்றுப் பார்ப்பார்; பின்னர் களம் பாதுகாப்பானது என உரத்துக் கூறுவார். அதன்பின்னரே எவரும் முன்னே அடியெடுத்து வைப்பர். துவக்குகள் வெறுமையாகிவிட்டன என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும் ஒருவரை அதற்குமுன் நான் எங்கும் கண்டதில்லை. அவ்வறிவிப்புக்காகக் காத்து நிற்பது எனக்குப் பிடித்துப் போயிற்று. என் தோள்கள் எந்த வாரத்திற் குறுகாமல் நின்றன என்பதை நான் குறித்துவைக்கவில்லை.

தோழர் முதற் போட்டியிற் பட்டியலின் அடிப்பகுதியிலேயே வந்தார். றைபிள் இரவல், கைத்துப்பாக்கி இரவல், பட்டி மட்டும் சொந்தம். மறு ஆண்டு ஏற்கெனவே ஒருவர் பாவித்த றைபிளை அரைவிலைக்கு வாங்கினார். விளம்பரத்திற் கண்ட அந்த றைபிளைப் பற்றி அவர் பின்னர் பேசவேயில்லை.