வத்தல் காயாத ஊர்

மதுரையில் அம்மா பிழியும் கூழ் வத்தல் ஒரே பகலில் காய்ந்துவிடும். சாயங்காலம் வேட்டியை உதறினாலே பாதி உதிரும். மீதிக்குத்தான் பின்பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலை கிடைத்து சென்னை ராயபுரத்தில் அத்தை வீட்டில் தங்கிய முதல் கோடையில் பார்த்தால், அதே ஜவ்வரிசி, அதே உப்பு, மறுநாளும் நடுவில் பிசுபிசுக்கிறது. "இந்த ஊரு வெயிலு சுடும், காய வைக்காது" என்றார் அத்தை.

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஒரே பலகையில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழைச் சுற்றி மல் துணி. அதன் நுனி தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். சார் அட்டையால் விசிறுவார். துணி சுற்றிய வெப்பமானியில் பாதரசம் மெல்ல இறங்கும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் இறங்கும். அடைமழை நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். வேர்த்த உடம்பும் அந்த ஈரக்குமிழ்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் சொட்டினால் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது.

மாமாவுக்குச் சொட்டும். துறைமுகத்தில் லோடு இறக்கிவிட்டு வருவார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். காய்ந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. மத்தியானம் கடல்காற்று வந்ததும் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும், அது நிஜம்தான். ஆனால் அந்தக் காற்று கடலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

2003 மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி. மேற்கத்திக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வர முடியாது. தெருவே அனலாக இருந்தது. அன்றைக்கு அத்தையின் வத்தல் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது. "உங்க மதுரை வெயிலு இங்க வந்துடுச்சு" என்றார். பத்திரிகைகள் அந்த 45-ஐக் கொட்டை எழுத்தில் போட்டன.

வெப்பக் குறியீட்டு அட்டவணையைப் பிற்பாடு பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது ஏறத்தாழ 45. ஈரம் 30 சதவீதமாக இருந்தால் 35-ஐ ஒட்டியே நிற்கும். அப்படியானால் அத்தையின் அடுப்படிக்கு எத்தனையோ மே மாதங்களில் 45 வந்து போயிருக்கிறது. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க வெயில் குறைந்தது 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடவும் இருக்க வேண்டும். 35-இல் வெந்துபோகும் நாள் அந்தக் கணக்கில் சேராது.

அந்த அட்டவணைக்கு அடிப்படை 1979-இல் ராபர்ட் ஸ்டெட்மன் போட்ட கணக்கு. அவர் மனதில் வைத்துக்கொண்ட ஆள் சுமார் 67 கிலோ எடை. நிழலில், மெல்லிய காற்றில் நடக்கிறவர். நேர்வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரைக்கும் கூடலாம். மாமாவும் கிட்டத்தட்ட அந்த எடைதான். நிழல்தான் கிடையாது, தோளில் மூட்டை வேறு.

வெயிலையும் சேர்த்து அளக்கும் முறை அதற்கு முன்பே இருந்தது. 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமில் வெப்பத்தால் பலர் சுருண்டு விழுந்தபோது உருவானது அது. பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கு, இரண்டு பங்கு வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு. நாம் தினமும் செய்தியில் கேட்கிற சாதாரண வெப்பநிலைக்கு ஒரே ஒரு பங்கு. அந்த அளவு 32-ஐத் தாண்டினால் கறுப்புக் கொடி ஏற்றிக் கடும் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். லோடு இறக்கும் இடத்திலும், கட்டட வேலை நடக்கும் இடத்திலும், உப்பளத்திலும் அப்படி ஒரு கொடி கட்டாயம் வேண்டும். அது ஏறும் நேரத்துக்குக் கூலியும் பிடிக்கக் கூடாது.