வேலை குறைந்த காலமே பயிற்சிக் காலம்

செப்டம்பர் 8, 2025, திங்கள்

இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாகிவிட்டது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்கே போகிறது. எனவே பனியன் கம்பெனிகளில் இப்போது ஆர்டர், தள்ளுபடி, வங்கிக் கடன் பற்றியே பேச்சு நடப்பதில் வியப்பில்லை. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் செலவுப் பட்டியலில் முதலில் அடிபடுவது தொழிலாளர் பயிற்சிதான். தையல் பயிற்சியாவது தப்பிவிடும். சிக்கலை எடுத்துச் சொல்லவும், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும், நேரத்தைத் திட்டமிடவும், கோபத்தை அடக்கவும் கற்றுத்தரும் மென்திறன் பயிற்சியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இது தவறான கணக்கு என்பது என் உறுதியான எண்ணம். நெருக்கடியிலிருந்து மீள்வதற்கு வேண்டிய திறன்களே இவைதாம். அவற்றை வளர்க்க மிகக் குறைந்த செலவாகும் காலமும் வேலை குறைந்திருக்கும் இந்தக் காலம்தான்.

செப்டம்பர் 10, புதன்

வெறும் நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. சான்று பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளில், பெண் தொழிலாளர்களுக்குச் சுமார் 80 மணி நேர மென்திறன் பயிற்சி ஏறத்தாழ ஓராண்டில் பரப்பி நடத்தப்பட்டது. பாடத்திட்டம் கேப் (Gap) என்ற அமெரிக்க ஆடை விற்பனை நிறுவனம் உருவாக்கியது. பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தவர்களில் யாருக்கு இடம் என்பது குலுக்கலில் முடிவானது. ஆகவே கெட்டிக்காரர்களையே பொறுக்கி எடுத்துவிட்டார்கள் என்று அந்த முடிவைத் தள்ளிவிட முடியாது. அத்வர்யு, காலா, நிஷாதம் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் உயர்ந்திருந்தது. பயிற்சி முடிந்து எட்டு மாதங்களுக்குள், போட்ட செலவைப் போல இரண்டரை மடங்கு நிகர ஆதாயம் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கற்றுக்கொண்டதும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்பது முதலாளிகளின் பழைய அச்சம். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டுப் போகவில்லை என்று இதே ஆய்வு காட்டுகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. பெங்களூர் ஆய்வு நடந்தது சாதாரண காலத்தில். ஆர்டரே இல்லாத நேரத்தில் உற்பத்தித்திறன் உயர்ந்து என்ன பயன் என்று கேட்கலாம். நெருக்கடி ஒரு தொழிற்சாலையின் வேலையை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அமெரிக்கச் சந்தை சுருங்கும்போது ஏற்றுமதியாளர்கள் ஐரோப்பாவையும் பிரிட்டனையும் நோக்கித் திரும்புகிறார்கள். பிரிட்டனுடன் கடந்த ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அந்த நம்பிக்கையை வளர்த்திருக்கிறது. ஆனால் புதிய பையர் முதலில் தருவது பெரும்பாலும் சிறிய ஆர்டர்தான். அதிலும் பல ஸ்டைல்கள், நெருக்கமான கெடு. ஒரே டிசைனை வாரக்கணக்கில் ஓட்டும் லைனில் கைப்பழக்கம் போதும். அடிக்கடி ஸ்டைல் மாறும் லைனில், ஓவர்லாக் மெஷினில் இருப்பவர் தையல் சரியில்லை என்று உடனே வாய்திறந்து சொன்னால்தான் தவறு செக்கிங் வரை போகாது. அதைச் சொன்னால் சூப்பர்வைசர் கத்துவார் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தமிழர்களோடு ஒரே லைனில் உட்காரும் ஊர் இது; புரியாததைத் திரும்பக் கேட்கும் துணிவும், பொறுமையாக விளக்கும் பழக்கமும் இங்கே உற்பத்திக்கே அடிப்படை. ஆகையால் பயிற்சி தையல்காரரிடம் தொடங்கினால் போதாது. சூப்பர்வைசரிடம்தான் முதலில் தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சம்பளம் கொடுக்கவே திணறும்போது பயிற்சிக்குப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2008-இல் பெட்ரோல் விலை ஏறி, பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தபோது, டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவிலுள்ள டெக்சாஸ், இண்டியானா ஆலைகளில் பல வாரங்கள் உற்பத்தியை நிறுத்தியது. நிரந்தரத் தொழிலாளர்களை வெளியே அனுப்பாமல், அந்த நாட்களைப் பயிற்சிக்கும் வேலைமுறையைச் செப்பனிடுவதற்கும் பயன்படுத்தியது. டொயோட்டாவின் கையிருப்பு திருப்பூரின் சிறு கம்பெனிக்கு ஏது என்பார்கள். உண்மைதான். ஆனால் பயிற்சியில் மிகப் பெரிய செலவு, அந்த மணி நேரங்களில் நின்றுபோகும் உற்பத்திதான். மெஷின் பாதி ஓடும் காலத்தில் அந்த இழப்பு தானாகவே குறைந்துவிடுகிறது. பயிற்றுநர் கூலியைச் சிறு கம்பெனிகள் பத்துப் பதினைந்து சேர்ந்தும், தொழிற்சங்கங்கள், ஏற்றுமதியாளர் அமைப்பு, அரசுத் திறன் பயிற்சித் திட்டங்கள் ஆகியவற்றின் துணையோடும் பகிர்ந்துகொள்ள முடியும்.

செப்டம்பர் 15, திங்கள்

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு தொழிலாளர் பக்கத்திலிருந்து வருகிறது: நிர்வாகத்தின் சுமையைச் சிரித்த முகத்தோடு சுமக்கப் பழக்குவதற்குத்தான் இந்தப் பயிற்சியா? இதை எளிதாக ஒதுக்கக் கூடாது. அதே பெங்களூர் ஆய்வில் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் உயர்ந்தபோது, கூலி உயர்ந்தது 0.5 சதவீதம் மட்டுமே. பலன் கிட்டத்தட்ட முழுவதும் நிறுவனத்துக்கே போயிருக்கிறது. அது பயிற்சியின் குற்றமல்ல, பங்கீட்டின் குற்றம். ஆனால் அந்தப் பங்கீடு திருந்தாவிட்டால், வாய்திறந்து பேசக் கற்றுக்கொண்ட தொழிலாளி நிர்வாகத்தின் பேச்சை நம்பமாட்டார்; நம்பிக்கை இல்லாத லைனில் எந்த மென்திறனும் நிலைக்காது. எனவே பயிற்சியை வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு நடத்துங்கள். சூப்பர்வைசர்களை முதல் வரிசையில் உட்காரவையுங்கள். கூடுகிற ஆதாயத்தில் ஒரு பங்கைக் கூலியில் சேர்ப்போம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள். இந்த மூன்றையும் இப்போதே செய்யும் கம்பெனி, ஆர்டர்கள் திரும்பும் நாளில் புதிதாக ஆள் தேடிக்கொண்டிருக்காது.