லோரியின் தண்ணீர்ப் பெட்டி

மோட்டார் லோரியின் முகப்பில் அமைந்திருக்கும் ரேடியேட்டர் என்னும் தண்ணீர்ப் பெட்டியைப் பற்றி நாம் வியாசம் எழுதப் புகுந்தால், இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் கை வைப்பதா, கூடாதா என்னும் கேள்விக்குரிய விடை சென்ற மழைக்காலத்தில் இந்தப் பெட்டிக்குள்ளேதான் அடைபட்டுக் கிடந்தது. ஆகவே அதைத் திறந்து பார்த்த விருத்தாந்தத்தைச் சொல்லத் துணிகிறோம்.

நாம் தெலுக் இந்தானுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். படித்ததெல்லாம் இங்கிலீஷில். 2003-ம் வருஷத்தில் அரசாங்கம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் இங்கிலீஷில் போதிக்கத் தொடங்கிற்று. இடைநிலைப் பள்ளியில் காலெடுத்து வைத்த நாம் உஷ்ணத்தின் குணங்களையெல்லாம் அந்தப் பாஷையில் ஒப்புவித்து நல்ல மார்க்கும் வாங்கினோம். ஆனால் லோரியின் முன்மூடியைத் தூக்கிப் பார்க்கும் அவசியம் கிராணிகளுக்கு நேர்வதில்லை. பில்லில் எழுதும் ஒரு சொல்லாகவே ரேடியேட்டர் நமக்குப் பழக்கம்.

எமது தோட்டத்து லோரிக்கு முப்பது வயது கடந்துவிட்டது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஜெண்டராத்தா போன்ற பெரிய தோட்டங்களிலே குலைகளைச் சிறு ரயில் வண்டிகள் சுமந்து செல்லும். நம் போன்றோருக்கு லோரியே கதி. வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலையில் ஆவியில் வேக வைத்தாக வேண்டும். தாமதித்தால் அடிபட்ட பழத்தில் கொழுப்பமிலம் ஏறி, எண்ணெயின் தரம் இறங்கிப் போகும். எனவே லோரி வழியில் நிற்பது வெட்டியவர், பொறுக்கியவர், ஓட்டியவர் அனைவருடைய பிழைப்பையும் தொடும் சங்கதியாகும்.

அந்த லோரிதான் கொதிக்க ஆரம்பித்தது. பாரத்தோடு மண் சாலையில் வரும்போதெல்லாம் உஷ்ணம் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிடும். டிரைவர் அண்ணன் ஓரங்கட்டி நிறுத்தி, பாரிட்டில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு புறப்படுவார். ஒரு நாள், வேலைக்குப் புதிதான கெலிண்டன் பையன் அவசரப்பட்டுத் துணியைச் சுற்றி மூடியைத் திருகிவிட்டான். ஆவி சீறியெழுந்து முழங்கை வரையில் வெந்து போயிற்று. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தான்.

உடனே அபிப்பிராயங்கள் கிளம்பின. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் வாடிப்போய் மாற்றாமலிருந்ததே காரணம் என்றார்கள் லயத்தில். டிரைவரின் அசட்டையே காரணம் என்றார்கள் ஆபீசில். எலுமிச்சம்பழத்தைக் குற்றம் சொன்னவர்கள் யாருடைய சம்பளத்தையும் பிடிக்கவில்லை என்பதை அவர்களுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். ஆபீசில் பிறந்த உத்தரவோ வேறு: ஈப்போவிலிருந்து பெரியதாக நான்கு வரிசை ரேடியேட்டர் ஒன்று வாங்கிப் பொருத்துவது, செலவில் பாதியை டிரைவர் சம்பளத்தில் நான்கு மாதத் தவணையாகப் பிடிப்பது. பிடித்தத்தைச் சம்பளப் பட்டியலில் எழுத வேண்டியவர் நாம்.

"கிராணியாரே, முப்பது வருஷமா ஓட்டுறேன், தண்ணி ஊத்தாம ஒரு நாள் ஓட்டினதில்லை" என்றார் டிரைவர் அண்ணன். அவர் சொன்னது பொய்யன்று. ஊற்றினார், ஊற்றிய தண்ணீர் எது என்று மட்டும் யாரும் அவரைக் கேட்டதில்லை.

நிற்க. இந்தப் பெட்டி செய்யும் வேலைதான் என்ன? டீசல் எரிந்து தரும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வெறும் சூடாகி எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரில் இறங்குகிறது. பம்பு அத்தண்ணீரை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் தள்ள, குழாய்களைத் தழுவி நிற்கும் தகடுகளின் இடையே விசிறி காற்றை இழுக்க, சூடு காற்றோடு கலந்து போகிறது. 1901-ல் வெளிவந்த மெர்ஸிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் என்னும் ஜெர்மானியர் தேன்கூட்டைப் போல எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழல்களை அடுக்கிப் பெட்டி செய்து கொடுத்தார். அதற்கு முன் மோட்டார் வண்டிகள் பல தண்ணீரைக் கொதித்து ஆவியாகவிட்டு அண்டா அண்டாவாகச் சுமந்து திரிந்தன. தண்ணீரும் காற்றும் மிகப் பரந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்பதே சூட்சுமம். மூடியோ வெறும் மூடியன்று. அது உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்பதால், 7 பவுண்டு மூடியின் கீழ் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரையில் கொதிக்காமலிருக்கும். திறந்த கணமே அழுத்தம் அகன்று, தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகச் சீறும். பையனின் கையை வேகவைத்தது இந்த விதிதான்.

தெலுக் இந்தானில் பழைய பட்டறை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் லோரியைக் கொண்டு போனோம். 1982 வரையில் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய இந்நகரின் பெருமையே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் என்பதை வெளியூர் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். 1885-ல் எழும்பிய சாய்ந்த கோபுரம் நகருக்குத் தண்ணீர் சேமிக்கவே கட்டப்பட்டது. மேலேயிருந்த தண்ணீரின் பாரமும் கீழேயிருந்த இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்தன. வெளியே எட்டு மாடியாகத் தோன்றுவது உள்ளே மூன்றுதான்!

தவுக்கே பெரிய பெட்டியின் விலையைப் பேசவில்லை. எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பிறகு பித்தளைத் தலைத்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்து, குழாய் வாய்களை நமக்குக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட குழாய்களில் பழுப்புச் சேறும் எஞ்சினின் இரும்புத் துருவும் இறுகி நின்றன. எமது பக்கத்துப் பாரிட்டுத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமிராது. மரமும் இலையும் மட்கி உண்டான சதுப்பு மண்ணில் ஊறி, தேநீர் நிறத்தில் புளித்த தண்ணீர் அது. கடலோரப் பாரிட்டிலோ அலையேறி உப்புக் கலந்துவிடும். புளிப்பும் உப்பும் இரும்பையும் ஈயப்பற்றையும் அரிப்பவை. வயலுக்குள் குழாய்த் தண்ணீர் வைக்கும்படி டிரைவர் அண்ணன் இரண்டு முறை கேட்டிருக்கிறார். அந்தக் கடிதங்கள் கோப்பில் இருந்தன.

இன்னும் இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. விசிறியின் காற்றைச் சிதறாமல் இழுத்துத் தரும் தகரக் கூண்டு எப்பொழுதோ கழன்று போயிருந்தது. தெர்மோஸ்டாட் என்னும் உஷ்ணக் கதவையும் யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். நம் நாட்டில் வெயில் அதிகம், கதவு எதற்கு என்னும் வாதம் பட்டறை தோறும் கேட்கிறது, பிசகான வாதம். ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கும் அக்கதவு இல்லாவிடில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி எண்ணெயை வீணாக்கித் தேயும். பல எஞ்சின்களில் குறுக்கு வழியும் அடைபடாமல் நின்று, சூடான தண்ணீரில் ஒரு பங்கு பெட்டிப் பக்கமே போகாமல் திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்கப் பிடுங்கியதே கொதிப்புக்குத் துணையாகும்.

நான்கு வரிசைப் பெட்டி வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சில மாதம் ஊசி கீழே நின்றிருக்கும். பிறகு பாரிட்டுச் சேறு நான்காம் வரிசையையும் நிரப்பியிருக்கும். தவிரவும், முன் வரிசைகளைக் கடந்து சூடேறிய காற்றே நான்காவதைச் சேருகிறது. விசிறிக்கு வலுவில்லையேல் கூடுதல் வரிசை காற்றுக்கு முட்டுக்கட்டையாகவும் ஆகலாம். பாரம் அதிகரித்த வண்டிக்கும் பெரிய எஞ்சின் மாற்றிய வண்டிக்கும் பெரிய பெட்டி தகும். எமது லோரிக்கு அது தேவையில்லை. ஆகவே பழைய பித்தளைத் தொட்டிகளுக்கிடையே மூன்று வரிசைச் செம்புக் குழாய்க் கூட்டைப் புதிதாக வைத்து, செம்பனைத் தும்பு அடையாதபடி தகடுகளைச் சற்று அகலமாக விட்டுப் பற்றவைத்தார். பிளாஸ்டிக் தொட்டி பூட்டிய அலுமினியப் பெட்டி எடை குறைந்தது, நல்லதுதான். ஆனால் பிளாஸ்டிக் விண்டால் ஈயப்பற்று வைக்க முடியாது. பழைய வண்டிக்குப் பக்கத்துப் பட்டறையில் பழுது பார்க்கக்கூடிய பொருளே உகந்தது என்பது நமது அபிப்பிராயம்.

கூலண்ட் வாங்க ஆபீசில் மிகவும் வாதாட வேண்டியிருந்தது. டப்பாவில் உறைதடுப்பு என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்தது. பனியே காணாத பேராக்கில் இது எதற்கு என்று நகைத்தார்கள். துருவைத் தடுக்கும் மருந்தும் அதிலேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஏழெட்டு டிகிரி உயரும். டீசல் எஞ்சின்களில் சிலிண்டர்ச் சுவர் அதிர்ந்து, தண்ணீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பையே துளைத்துவிடுவதுண்டு. தக்க மருந்து கலந்த கூலண்ட் அதையும் காக்கிறது. இத்தனையும் சொன்ன பிறகு கையெழுத்து விழுந்தது.

பழைய லோரியின் பராமரிப்பு தோட்டத்தின் சொந்த விவகாரம் என்பாருமுண்டு. 2025 மே 13-ந் தேதி இதே தெலுக் இந்தான் வட்டாரத்தில் கல் ஏற்றிய லோரியொன்று போலீஸ் சேமப்படை வண்டியில் மோதி 9 வீரர்கள் மாண்டார்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்தையும் ஸ்டீரிங் பழுதையும் விசாரணைக் குழு எடுத்துக் காட்டியது. அது ரேடியேட்டர் சம்பந்தப்பட்டதன்று. எனினும் பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி சாலையில் ஓடினால் அதன் பலன் யார் தலையிலும் விழலாம்.

பிடித்தத்தின் கதி என்னவாயிற்று? அடைபட்ட குழாய்த் துண்டுகள் இரண்டையும், டிரைவர் அண்ணனின் பழைய கடிதங்களையும், 1955-ம் வருஷத்து வேலைச் சட்டத்தின் 24-ம் பிரிவையும் ஒன்றாக நிர்வாகியின் மேஜையில் வைத்தோம். சட்டத்தில் சொல்லிய வகைக்குப் புறம்பாகத் தொழிலாளியின் கூலியில் கை வைக்கலாகாது என்பது அப்பிரிவு. நிர்வாகி சட்டத்தைப் படிக்கவில்லை; குழாய்த் துண்டைக் கையிலெடுத்து விரலால் சுரண்டிப் பார்த்து, பிடித்தம் வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை.

இப்பொழுது லோரியில் இரண்டு டப்பா சுத்தத் தண்ணீர் எப்பொழுதும் இருக்கிறது. கெலிண்டன் பையன் வேலைக்குத் திரும்பிவிட்டான். எஞ்சின் நின்று அரைமணி நேரம் ஆறிய பிறகு டிரைவர் அண்ணனே சாக்கைப் போட்டு மூடியைத் திருகுகிறார். பையன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு டப்பாவை நீட்டுகிறான்.