ஒரு ரூபாய் வட்டி

வங்கித் துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் பெயர்ப்பதும் என் பிழைப்பின் ஒரு பகுதி. அங்கே ஆளை இடறிவிடும் சொற்கள் இரண்டு: ஃபிக்ஸட், ஃபிளாட். இரண்டையுமே 'நிலையான வட்டி' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முன்னதற்குப் பொருள், கடன் முடியும்வரை வட்டி விகிதம் மாறாது என்பது. பின்னது வேறு ஜாதி. அசலில் எவ்வளவு கட்டித் தீர்த்திருந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி உண்டு என்று அதற்குப் பொருள். தமிழ் முதுகலை படித்தவளுக்குச் சொல்லின் அருமை தெரியும். அதன் விலையை ரூபாயில் கணக்கிட்டது சென்ற ஆண்டுதான்.

அம்மாவின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக தில்லியில் ஒரு வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்தேன். ஆண்டுக்கு 15 சதவீதம். அசலில் 2 லட்சம் ரூபாய் பாக்கி. இன்னும் 24 தவணைகள், மாதம் சுமார் 9,700 ரூபாய். மொழிபெயர்ப்புக்கு வரும் காசோலைக்குத் தேதி கிடையாது. தவணைக்கு உண்டு. சில மாதங்களில் அம்மாவின் மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் எதைத் தள்ளிப் போடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து கிரெடிட் கார்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "மாசம் 0.99 பர்சென்ட்தான் மேடம். கார்டு மேலேயே 2 லட்சம் தர்றோம். பழைய லோனை அடைச்சிடுங்க. 36 மாசம் டைம்." தவணை சுமார் 7,540 ரூபாய். மாதம் 2,100 ரூபாய்க்கு மேல் மிச்சம். யாருக்குத்தான் கசக்கும்?

அம்மாவிடம் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வட்டியைச் சதவீதத்தில் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் 'ஒரு ரூபாய் வட்டி'. அது நியாயமான வட்டி. 0.99 அதற்கும் கீழே. அம்மாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏண்டி, அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையுமோல்லியோ?"

அதையே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சற்று மௌனம். பிறகு, "இது ஃபிளாட் ரேட் மேடம்."

காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். ஃபிளாட் கணக்கில் 36 மாத வட்டி 71,280 ரூபாய். மாதாமாதம் குறைந்து வரும் பாக்கிக்குக் கணக்கிட்டால், இது உண்மையில் மாதம் சுமார் 1.75 சதவீதம், ஆண்டுக்கு 21. வங்கிக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. அது 12,830 ரூபாய். பழைய கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி கேட்கும் 4 சதவீதக் கட்டணமும், கார்டு நிறுவனத்தின் 2 சதவீதப் பரிசீலனைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்து 14,160. ஆக மொத்தம் சுமார் 98,000 ரூபாய். பழைய கடனிலேயே இருந்தால் மிச்சமுள்ள வட்டி சுமார் 32,700 மட்டுமே.

ஃபிளாட்டை விடுங்கள். அதே 24 மாதத்துக்கு, குறையும் பாக்கிக்கே 0.99 சதவீதம் என்று தந்திருந்தாலும் வட்டியில் மிச்சம் சுமார் 7,000 ரூபாய்தான். அதில் ஜி.எஸ்.டி. 4,600-ஐ விழுங்கிவிடும். கட்டணங்களுக்கு எங்கே போவது?

இன்னொரு பள்ளமும் உண்டு. கார்டுத் தவணை ஒன்று தவறினால், அந்தத் தொகைக்குக் கார்டின் வழக்கமான வட்டி ஓடத் தொடங்கும். பல கார்டுகளில் அது மாதம் மூன்று சதவீதத்துக்கும் மேல். ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டும் கார்டு வட்டி முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. வருமானம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத என்னைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதி, என் போன்றவர்களுக்கு வேலையும் தருகிறது. ஆனால் கிரெடிட் கார்டு பாக்கிகளுக்கு அந்தச் சுற்றறிக்கையிலேயே விலக்கு அளிக்கப்பட்டது.

கார்டுக்கு மாற்றுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கார்டில் மாதம் மூன்றரை சதவீதத்தில் பாக்கி ஏறிக்கொண்டிருந்தால், குறைந்த வட்டியுள்ள இன்னொரு கார்டுக்கு அதை மாற்றுவது புத்திசாலித்தனம். வங்கிக் கடன் விஷயம் அப்படியல்ல. தவணை குறைவது வேறு, கடன் குறைவது வேறு.

நான் வங்கிக்குப் போனேன். அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டக் கட்டணம் உண்டா என்று கேட்டு, இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஒரு நூலின் மொழிபெயர்ப்புக்கு வந்த பணத்தில் 25,000 ரூபாயைக் கட்டினேன். தவணை 1,200 ரூபாய் குறைந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, "அசல் குறைஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டாள். குறைந்தது என்றேன்.