இடது காதுல ஒரு அண்ணன்

"ஏசி/டிசி-யோட ஒரு பாட்டைக் கேட்டுட்டா எல்லாப் பாட்டையும் கேட்ட மாதிரிதான்" - ராக் கேக்கறவங்க மத்தியில ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கற ஜோக் இது. 2020 நவம்பர்ல அவங்களோட 'பவர் அப்' ஆல்பம் வந்தப்பவும் இதையேதான் ரெண்டு விதமா சொன்னாங்க. பிடிச்சவங்க "அடடா, அதே பழைய சவுண்ட்!"ன்னாங்க. பிடிக்காதவங்க "அய்யே, அதே பழைய சவுண்ட்"ன்னாங்க. :-)

எனக்கு அப்பவே ஒரு கேள்வி. அந்தப் பழைய சவுண்டை உருவாக்கின ஆளு 2017-லேயே போயிட்டார். அப்புறம் எப்படி அதே சவுண்ட் வந்துச்சு? அஞ்சு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற மேட்டர். இப்போ மாஸ்டர்ஸ் படிக்க மெல்பர்ன் வந்து, அந்த பேண்டை நேர்லயும் பார்த்தாச்சு. அசைன்மெண்ட் ஒண்ணு பாக்கி நிக்குது, அதை ஓரமா தள்ளி வெச்சிட்டு முதல்ல இதை எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குத் தாவிக்கலாம்.) ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துல எட்டுப் பிள்ளைங்க இருந்த ஒரு குடும்பம். 1963-ல் பொழைப்பு தேடி ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறி, சிட்னியில செட்டில் ஆனாங்க. அந்த வீட்டுப் பசங்கள்ல மூணு பேரை இந்தக் கதைக்கு ஞாபகம் வெச்சுக்குங்க. ஜார்ஜ் யங், மால்கம் யங், ஆங்கஸ் யங். ஜார்ஜ் அறுபதுகள்லேயே 'ஈஸிபீட்ஸ்' என்ற பேண்ட்ல பேர் வாங்கிட்டார். அவரைப் பார்த்து வளர்ந்த தம்பிங்க ரெண்டு பேரும் 1973-ல் ஆரம்பிச்சதுதான் ஏசி/டிசி. பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அக்கா மார்கரெட் தையல் மெஷின்ல எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னது. ஆங்கஸ் இன்னிக்கு வரைக்கும் மேடையில ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு ஆடறாரே, அந்த ஐடியாவும் அக்காவோடதுதான். ஆக மொத்தம் இது ஒரு குடும்பத் தொழில். நம்ம ஊர் கடை போர்டுல "அண்ட் பிரதர்ஸ்"னு போடுவாங்களே, அந்த மாதிரி.

இப்ப சவுண்டுக்கு வருவோம். ஏசி/டிசி-ன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஆங்கஸ்தான். அரை டிரவுசர், தொப்பி, கையில கிப்ஸன் எஸ்ஜி கிட்டார், மேடை முழுக்க ஓட்டம். ஆனா பாட்டு நிக்கறது மால்கம் மேல. அவர் வாசிச்சது ரிதம் கிட்டார். க்ரெட்ச் கம்பெனியோட பழைய ஜெட் ஃபயர்பேர்ட் ஒண்ணு, அதுல இருந்த பிக்கப்புகளைக் கழட்டிப் போட்டுட்டு பிரிட்ஜ் பக்கத்துல இருக்கற ஒண்ணை மட்டும் விட்டு வெச்சிருந்தார். தடிமனான கம்பி. ஆம்ப்ல கெய்ன் கம்மி. கேக்கறவங்க இது பயங்கர டிஸ்டார்ஷன்னு நினைப்பாங்க, உண்மையில அது சுத்தமான கார்டை பலமா அடிக்கறது. டிஸ்டார்ஷனை ஏத்தினா சத்தம் பரவி இடைவெளியெல்லாம் அடைபட்டுடும். கெய்ன் கம்மியா இருந்தாத்தான் ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவுல நிஜமான மௌனம் கிடைக்கும். 'பேக் இன் ப்ளாக்' பாட்டோட ஆரம்பத்தைக் கேட்டுப் பாருங்க, அடிக்கற இடத்துக்குச் சமமா அடிக்காத இடமும் இருக்கும். நம்ம கால் தானா தட்டறது அந்த அடிக்காத இடத்துலதான்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்க அண்ணன்.

மதுரையில எங்க வீட்டுல அப்போ இருந்தது ஒரே ஒரு இயர்ஃபோன். ராத்திரி அம்மா அப்பா தூங்கினதும் ஆளுக்கு ஒரு காது. அண்ணன் இடது, நான் வலது. ஏன் அப்படின்னு காரணமெல்லாம் கிடையாது, பாயில அவன் படுக்கற பக்கம் அது. 'பேக் இன் ப்ளாக்' ஆல்பத்துல மால்கமோட கிட்டார் இடது பக்கமும், ஆங்கஸோடது வலது பக்கமும் இருக்கும். வருஷக்கணக்கா ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்டோம்னு நினைச்சிட்டு இருந்தோம், கேட்டதென்னவோ ரெண்டு வேற வேற பாட்டு. நான் "சோலோ சூப்பர் அண்ணே"ம்பேன். அவன் "எந்த சோலோடா? அந்தக் கார்டைக் கவனிச்சியா?"ம்பான். அப்புறம் ஆளுக்கொரு கிட்டார் வந்தப்பவும் அப்படியே ஆயிடுச்சு. அவன் ரிதம், நான் லீடு. தெருவுல கல்யாண வீடு, காலேஜ் கல்ச்சுரல்னு எங்க வாசிச்சாலும் கைத்தட்டு எனக்கு. "உனக்குக் கடுப்பா இல்லையாண்ணே?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "நான் நிறுத்தினா நீ என்ன பண்ணுவேன்னு பாக்கணும்டா"ன்னு சிரிச்சான்.

அந்தக் கேள்வியை ஏசி/டிசி நிஜமாவே சந்திக்க வேண்டி வந்துச்சு.

2008-ல் 'ப்ளாக் ஐஸ்' வந்து, அதுக்கான டூர் 2010 வரைக்கும் போச்சு. அந்தச் சமயத்துலேயே மால்கமுக்கு ஞாபகமறதி நோய் ஆரம்பிச்சிருச்சு. தானே உருவாக்கின ரிஃப்களை ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பழகிட்டுத்தான் மேடை ஏறியிருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல வாசிச்ச பாட்டை புதுசாக் கத்துக்கற மாதிரி... நினைச்சாலே என்னமோ பண்ணுது. 2014-ல் அவர் விலகினார், டிமென்ஷியான்னு குடும்பம் வெளிப்படையா அறிவிச்சுது. அதே வருஷம் டிரம்மர் ஃபில் ரட் கோர்ட் கேஸ்ல சிக்கி வெளியே போனார். 2016 மார்ச்ல பாடகர் பிரையன் ஜான்ஸனுக்கு டாக்டருங்க "டூரை நிறுத்து, இல்லேன்னா காது முழுசாப் போயிடும்"னு சொல்லிட்டாங்க. மிச்ச ஷோக்களுக்கு கன்ஸ் அண்ட் ரோஸஸ் பேண்டோட ஆக்ஸல் ரோஸ் வந்து பாடிக் கொடுத்தார். அந்த டூர் முடிஞ்சதும் பேஸ் கிட்டார் க்ளிஃப் வில்லியம்ஸும் ரிடையர்டு. 2017 அக்டோபர்ல ஜார்ஜ், நவம்பர் 18-ல் மால்கம். ஒரே மாசத்துக்குள்ள ரெண்டு அண்ணன்களை அடக்கம் பண்ணிட்டு ஆங்கஸ் மட்டும் நின்னார்.

இங்கேயே கடையைச் சாத்தியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஆனா 2018-ல் கனடாவில் வான்கூவர் ஸ்டுடியோ ஒண்ணுல பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க. பிரையன் காதுக்கு சிகிச்சையும் புது மானிட்டர் கருவியும் கிடைச்சுப் பாட வந்தார். ஃபில் ரட் வந்தார், க்ளிஃப் வந்தார். மால்கம் இடத்துல ஸ்டீவி யங். ஸ்டீவி யாருன்னா, மூத்த அண்ணனோட பையன். ஆங்கஸுக்கு ஒரு வயசு மட்டும் சின்னவர், ஆனா உறவுமுறையில சித்தப்பா-மகன். :-) 1988-ல் மால்கம் குடிப்பழக்கத்துல இருந்து மீள லீவ் எடுத்தப்பவும் இவர்தான் நின்னு வாசிச்சுக் கொடுத்தவர்.

பாட்டுங்க எங்கேர்ந்து வந்துச்சு? 'ப்ளாக் ஐஸ்'க்கு முன்னாடி மால்கமும் ஆங்கஸும் சேர்ந்து எழுதி, பயன்படுத்தாம வெச்சிருந்த ரிஃப்கள் நிறைய மிச்சம் இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாக் கேட்டு ஆங்கஸ் பொறுக்கினது இந்தப் பன்னெண்டு பாட்டு. பன்னெண்டுக்கும் எழுதினவங்க பேர்ல மால்கமும் இருக்கார். 1980-ல் பாடகர் பான் ஸ்காட் செத்தப்ப அவருக்காகப் பண்ணின ஆல்பம் 'பேக் இன் ப்ளாக்'. மால்கமுக்கு அந்த மாதிரி இதுன்னு ஆங்கஸே பேட்டிகள்ல சொன்னார்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். பழைய சவுண்ட்ங்கறது கிட்டார்லயோ ஆம்ப்லயோ இல்லை. காசு இருந்தா யார் வேணா எஸ்ஜி வாங்கலாம், மார்ஷல் ஆம்ப் வாங்கலாம், அதே ஸ்டுடியோவை வாடகைக்கு எடுக்கலாம். 2014-ல் வந்த 'ராக் ஆர் பஸ்ட்' ஆல்பத்துலயும் இதே ஸ்டுடியோ, இதே தயாரிப்பாளர் பிரெண்டன் ஓப்ரையன், இதே ஸ்டீவி. ஆனா என் காதுக்கு அது கொஞ்சம் அவசர அவசரமாப் பட்டுச்சு. 'பவர் அப்'ல இருக்கறது காத்திருக்கற பழக்கம். 'ரியலைஸ்'னு முதல் பாட்டு ஆரம்பிக்கும் போதே தெரியும். ஃபில் ரட் எதையும் கூடுதலாப் பண்ணமாட்டார், ஒரே சீரா அடிச்சிட்டு உக்காந்திருப்பார். ஸ்டீவி தன்னோட கைவரிசையைக் காட்டவே மாட்டார், சித்தப்பா எங்க கையை நிறுத்துவாரோ அங்க நிறுத்துவார். அதுக்கு எவ்வளவு அடக்கம் வேணும்! மேடையில கிட்டாரோட நிக்கற எவனுக்கும் ஒரு ஓரத்துல "நானும் ஒண்ணு அடிச்சுக் காட்டவா"ன்னு அரிக்கத்தான் செய்யும். (எனக்கு இன்னும் அரிக்குது.)

எல்லாப் பாட்டும் மாணிக்கம்னு சொல்லமாட்டேன். ரெண்டாவது பாதியில ரெண்டு மூணு பாட்டு சும்மா இடத்தை அடைக்குது. ஆனா 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' ஒண்ணு போதும். ஏசி/டிசி கிட்ட நாம எதிர்பார்க்கவே மாட்டோம், பழசை நினைச்சு லேசாத் தொண்டை அடைக்கற மாதிரி ஒரு மெட்டு. அப்பவும் ரிதம் அசையாது, அழுகாச்சி ஆகாது.

ஆல்பம் வந்தது 2020 நவம்பர் 13. மறுநாள் தீபாவளி. கொரோனாவால காலேஜ் மூடி நான் வீட்டுல. ஹார்ட்வேர் கடையில அன்னிக்கு வியாபாரத்தை முடிச்சிட்டு அண்ணன் ராத்திரி மொட்டை மாடிக்கு வந்தான். சுத்தி வெடிச் சத்தம். பழைய பழக்கம், ஆளுக்கொரு காது. முழு ஆல்பமும் நாப்பத்தோரு நிமிஷம், நடுவுல பேசவே இல்லை. முடிஞ்சதும் "அந்த ஸ்டீவி நல்ல மனுசன்டா"ன்னான். அவ்வளவுதான் விமர்சனம்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. கடை முழுசா அண்ணன் தலையில. எனக்கு 2024-ல் இங்க அட்மிஷன் கிடைச்சப்ப லோன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது அவன். அவனோட கிட்டார் பரண்ல ஏறிடுச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் "தம்பி ஆஸ்திரேலியாவுல படிக்கறானாமே"ன்னு என்னைப் பத்திதான் கேப்பாங்களாம். அவனும் சந்தோஷமாத்தான் பதில் சொல்லுவான், எனக்குத் தெரியும். ஆனா மாசா மாசம் லோன் வட்டி கட்டின மெசேஜ் வரும்போதெல்லாம் எனக்கு இடது காது ஞாபகம் வரும்.

மெல்பர்னுக்கும் இந்த பேண்டுக்கும் பழைய சொந்தம். 1976-ல் ஒரு லாரி மேல நின்னு பாடிக்கிட்டே அவங்க போற வீடியோ எடுத்தது ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட்ல. நான் தினம் டிராம் பிடிக்கற தெரு அது. 2004-ல் இங்க ஒரு சந்துக்கே ஏசிடிசி லேன்னு பேர் மாத்திட்டாங்க. வந்த முதல் வாரமே அங்க நின்னு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "சந்துல மால்கம் படம் இருக்கா?"ன்னு ஒரே கேள்வி.

2025 நவம்பர்ல எம்சிஜி ஸ்டேடியத்துல ஷோ. டிக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வார வாடகை போச்சு, அது கடைசி வரிசைகள்ல ஒண்ணு. ஆங்கஸுக்கு எழுபது வயசு, பிரையனுக்கு எழுபத்தெட்டு. ஃபில் ரட்டும் க்ளிஃபும் இந்த டூர்ல இல்லை, அந்த இடத்துல வேற ரெண்டு பேர். பெரிய திரையில முக்காவாசி நேரம் ஆங்கஸ்தான். நான் திரையைப் பாக்காம டிரம்ஸ் பக்கத்துல இருந்த அந்தச் சின்ன உருவத்தையே பார்த்துட்டு இருந்தேன். கோரஸ் வரும்போது ஸ்டீவி நாலு அடி முன்னாடி நடந்து மைக்குக்கு வருவார், பாடுவார், திரும்ப நாலு அடி பின்னாடி போய் நின்னுடுவார். மால்கம் நாப்பது வருஷம் பண்ணினதும் இதேதான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல, ஒரு தடவை கூட கை தவறலை.

ஷோ முடிஞ்சு வெளிய வந்ததும் அண்ணனுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போட்டேன். ஊர்ல அப்போ சாயங்காலம், கடையில ஆள் இருக்கற நேரம். அன்னிக்கு ராத்திரி பதில் வரலை. மறுநாள் காலையில எழுந்து பார்த்தா பதிலுக்கு ஒரு ஆடியோ. பரண்ல இருந்து கிட்டாரை இறக்கியிருக்கான். கம்பி துருப்பிடிச்ச சத்தம், ட்யூனிங்கும் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. ஆனா 'பேக் இன் ப்ளாக்' ரிஃப், நிறுத்த வேண்டிய இடத்துல சரியா நிறுத்தி.

இந்த வாரம் ஷிஃப்ட் காசு வந்ததும் முதல் வேலை, அவனுக்கு ஒரு செட் புதுக் கம்பி அனுப்பறது. தடிமனானதா.

டிஸ்கி: 'பேக் இன் ப்ளாக்' கேக்கும் போது ஒரு தடவை வலது காதைக் கழட்டிட்டு இடதுல மட்டும் கேட்டுப் பாருங்க மக்களே. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க.