உழக்கு எஞ்சினும் அஞ்சறைப் பெட்டியும்

எழும்பூரில் ரயில் ஏறித் தெற்கே போகிறவர்களுக்கு விழுப்புரம் தப்பவே தப்பாது. சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திருச்சிக்கு ஒரு பாதை, கடலூர் வழியாக மாயவரத்துக்கு ஒரு பாதை, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று என்று தண்டவாளங்கள் நாலா பக்கமும் பிரிகிற பெரிய ஜங்ஷன். ஆனால் நம்மில் எத்தனை பேர் அங்கே இறங்கி ஊருக்குள் போயிருக்கிறோம்? காப்பி வாங்க ஜன்னல் வழியே கையை நீட்டியதோடு சரி!

அதற்கு முன்னால் வரும் திண்டிவனத்தின் கதையும் அப்படித்தான். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியமரக் காடாக இருந்த இடம் திந்திரிணி வனமாகி, பிறகு திண்டிவனமாயிற்று என்பார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் ஈசுவரனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். 1993-ல் தென்னாற்காடு ஜில்லாவைப் பிரித்தபோது விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகரமானது. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு 'மல்லாட்டை' என்று பெயர். அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைத்தெருவில் பேரம் பேச முடியாது.

நான் போனது கோயிலுக்கும் அல்ல, மல்லாட்டைக்கும் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பார்க்கப் போனேன். "குடும்பப் பத்திரிகையில் எஞ்சினா?" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த எஞ்சின் பிழைத்ததே ஒரு பெண்மணியால்தான்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். கிராமம் கிராமமாகப் போய்ச் சரக்குப் பார்க்க அவர் வாங்கிய வண்டி ஒரு புல்லட். அவர் காலமான பிறகு அது மண்டிக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் பல வருஷம் கிடந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர், மினுக்கி ஹோட்டல் வாசலில் நிறுத்தி வைக்கக் கேட்டார். மகனுக்கோ கொடுக்க மனசில்லை. வீட்டிலேயே பிரித்துச் சரி பண்ணுவது என்று தீர்மானித்தார்.

அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: "ஓடினால் வீட்டில் இருக்கட்டும். ஓடாவிட்டால் தைப் பொங்கலுக்கு முன்னால் இரும்புக்கடைக்குப் போகட்டும். பொம்மையாக வைத்துக்கொள்ள நம் வீட்டில் இடமில்லை."

மதராஸுக்கு வந்த துப்பாக்கிக் குண்டு

ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. ஆரம்பத்தில் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததால் அந்தப் பெயர். பிற்பாடு அவர்களுடைய வண்டிக்குத் 'துப்பாக்கிக் குண்டு' என்று பொருள்படும் புல்லட் என்ற பெயரும் பொருத்தமாக அமைந்தது. 1955-ல் அந்தக் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள். ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977 முதல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோன மகள் என்றுதான் சொல்ல வேண்டும்!

எஞ்சின் விஷயம் ரொம்ப எளிது. 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழல். அதற்குள் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். கணக்குப் போட்டால் 346 கன சென்டிமீட்டர். நம் பழைய அளவில் சொன்னால் ஏறக்குறைய ஓர் உழக்கு! இந்த உழக்குக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கிற சூட்டை ஆற்றத் தண்ணீர் கிடையாது. காற்றுதான் ஆற்ற வேண்டும். அதற்காகத்தான் குழலைச் சுற்றி அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள் வார்த்திருக்கிறார்கள். சூடான பாலை அகலத் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறதல்லவா? அதே சூட்சுமம். தகடுகளுக்கு இடையே அழுக்கு ஏறினால் சூடு வெளியே போக வழியில்லை.

இந்த வண்டியில் மண்டித் தூசியும் மல்லாட்டைத் தோலும் எண்ணெயில் குழைந்து, வெந்து, கருங்கல்லாக இறுகியிருந்தன.

சமையலறை சாஸ்திரம்

பிரிக்கும் வேலை திண்ணையில் நடந்தது. கழற்றுவது சுலபம், எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் பெரும்பாடு. அம்மாள் உபயோகத்தில் இல்லாத இரண்டு அஞ்சறைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். மிளகு இருந்த அறையில் வால்வு மூடியின் திருகு, சீரக அறையில் கார்புரேட்டரின் சின்னச் சாமான்கள்; எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் குறிப்பு.

அடுத்தது சுத்தம் செய்வது. பாத்திரம் தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். செம்பு வாஷர்களையும் பித்தளைச் சாமான்களையும் புளி போட்டுத் தேய்த்தார்கள். திண்டிவனத்துப் புளிக்கு அதைவிடப் பெருமை என்ன வேண்டும்? ஆனால் எஞ்சினின் அடிப்பெட்டியும் தலைப்பாகமும் அலுமினியம். அதில் புளியும் கூடாது, சலவை சோடாவும் கூடாது. அலுமினியச் சட்டியில் சோடா போட்டுக் கறுத்துப் போனதை யார் வீட்டில் பார்க்கவில்லை? அவற்றுக்கு மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் நைஸ் உப்புத்தாள். மண்ணெண்ணெய் வேலையை அடுப்புப் பக்கமே வராமல் திறந்த வெளியில் செய்தார்கள்.

மணலைப் பீச்சி அடித்தால் ஒரு மணியில் பளிச்சென்று ஆகிவிடும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அம்மாள் ஒப்பவில்லை. எண்ணெய் போகும் துளைக்குள் ஒரு மணல் தங்கினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். அரிசியில் ஒரு கல் இருந்தால் போதாதா, பல் போவதற்கு!

பழைய பேரிங்குகள் அடிப்பெட்டியில் இறுகி உட்கார்ந்திருந்தன. சுத்தியல் எடுக்கவில்லை. குளியலுக்கு வெந்நீர் போடும் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பெட்டியை முக்கினார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். சற்று நேரம் பொறுத்து வெளியே எடுத்து, மரப்பலகையில் லேசாகத் தட்டியதும் பேரிங் தானே விழுந்தது. ஜாடி மூடி திறக்காவிட்டால் வெந்நீர் காட்டுகிறோமே, அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு வாக்குவாதம்

குழலின் உட்புறம் தேய்ந்து கோணியிருந்தது. அதை வீட்டில் சரி செய்ய முடியாது. திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். குழலைச் சிறிது கடைந்து அகலமாக்கி, அதற்குத் தக்கபடி சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். பட்டறைக்காரர் கெட்டிக்காரர். உற்சாகமும் அதிகம்.

"அண்ணி, கேஸ் முழுக்க மிஷின்ல பஃப் போட்டுத் தரேன். கண்ணாடி மாதிரி முகம் பாக்கலாம்" என்றார்.

"முகம் பாக்க வீட்ல கண்ணாடி இருக்குது தம்பி. இதப் பாத்தீங்களா?" என்று அம்மாள் விரலால் ஓரிடத்தைக் காட்டினார். வார்ப்பின் மேல் பொறித்திருந்த எஞ்சின் நம்பர்!

வீட்டுக்காரருக்கே அப்போதுதான் பகீரென்றது. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது புத்தகத்தில் உள்ள நம்பரும் எஞ்சினில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பளபளப்புக்காகத் தேய்த்து எண் மங்கிவிட்டால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வது? மாமனார் பெயரில் இருந்த பதிவுப் புத்தகத்தை மாமியார் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறார். அது வீணாக வேண்டுமா?

பட்டறைக்காரர் ஒரு நிமிஷம் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லவேளை அண்ணி" என்று சொல்லிப் பஃப் சக்கரத்தை நிறுத்தினார். பக்கத்து மூடிகளை மட்டும் மெருகேற்றுவது, அடிப்பெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

வர்ணத்திலும் அதே நிதானந்தான். இரும்புக் குழலுக்குச் சூடு தாங்கும் கறுப்பு வர்ணம், மெல்லிய பூச்சாக. கனமாகப் பூசினால் பார்வைக்கு அழகு. ஆனால் தகடுகளுக்குக் கம்பளி போர்த்தினாற் போல் சூடு உள்ளேயே தங்கும். வால்வுகளை அரைப்பு மசியல் தடவி, மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் திருப்பி, இருக்கையோடு படிய வைத்தார்கள். பிறகு துளையில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்று அஞ்சறைப் பெட்டியில் ஒரு திருகும் மிச்சமில்லை. புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு கலை. மின்சார முள் நடுவில் வரும்வரை பெடலை மெள்ள அழுத்தி, சின்ன நெம்புகோலைப் பிடித்துக் காற்றை விட்டு, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் அது திருப்பி உதைக்கும். நான்காவது உதையில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் காதைத் தீட்டிக் கேட்டார். "அதே சத்தந்தான். புகைதான் அவர் காலத்தைவிடக் கம்மி" என்றார்.

முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. புதுப் பிஸ்டன் படிய வேண்டும். அதனால் மயிலம் முருகன் கோயிலுக்குத்தான் முதல் பிரயாணம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். பின் ஸீட்டில் அம்மாள் இருப்பார். பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பம் போயிருக்கிறது; அது கைக்கு வந்த பிறகுதான் வண்டி வாசற்படி இறங்கும் என்பது அவர் போட்டிருக்கும் இரண்டாவது நிபந்தனை.