கோடை விடுமுறையில் அப்பா அம்மா படிக்க ஒரு கொல்லிமலைக் கதை

மே மாசம் வந்தாலே கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். "டாக்டர், லீவு விட்டாச்சு. பிள்ளை வளர்ப்பு பத்தி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்." சபைக்குப் போகிற பெற்றோர் என்றால், "நம்ம விசுவாசத்தோட ஒத்து வர்ற மாதிரி இருக்கணும்" என்பார்கள்.

'பிள்ளை வளர்க்க பத்து வழிகள்' மாதிரிப் புத்தகங்களை நான் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தின் கதையைத்தான் சொல்வேன். நம்ம நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நடந்த கதை. நீளமான இழைதான், பொறுமையா வாங்க.

இன்னைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆகாய கங்கை பார்க்கப் போறோமே, அந்த மலைக்கு 1913-ல் கல்யாணம் முடிந்த கையோடு குடியேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி. ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை, சுருக்கமான மருத்துவப் பயிற்சி பெற்றவர். ஆனால் பல் பிடுங்குவது, நரம்புச் சிலந்திப் புழுவை வெளியே எடுப்பது என எல்லாம் அவர்தான். 1914-ல் மூத்த பிள்ளை பால், அடுத்து கோனி என்ற மகள்.

பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாதான் டீச்சர். பாலுக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. மரத்து மேல ஏறி உட்கார்ந்து போட்டு, தாளைக் கீழே அம்மாவுக்குப் போடுவானாம். அம்மா அதற்கு விட்டார். அப்பா கரையான் புற்றையும் சிலந்தியையும் காட்டிப் பாடம் சொன்னார். நம்ம வீட்டில் "ஒரு இடத்தில் உட்காரு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்?

அடுத்தது ஒழுக்கம். நீதிமொழிகளில் பிரம்பு பற்றி வரும் வசனத்தைக் காட்டிப் பிள்ளையை அடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக, பால் பிராண்ட் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையின் விஷயத்தைச் சொல்றேன். பசங்களோடு சேர்ந்து வயலில் தவளை பிடிக்கும்போது நாற்றை மிதித்து, தண்ணியைக் கலக்கிவிட்டார்கள். கம்பு ஊன்றி வந்த ஒரு பெரியவர் கம்பை ஓங்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்த மண்தான் வருஷா வருஷம் சோறு போடுது, மடை தாண்டி ஓடினால் திரும்பி மேலே வராது என்று விளக்கினார். பசங்க தலை குனிந்தார்கள். வயதான பிறகும் அதை மறக்காமல் எழுதி வைத்தார் பால். அடி வாங்கின பிள்ளைக்கு அடிதான் ஞாபகம் இருக்கும். காரணம் புரிந்த பிள்ளைக்குக் காரணம் ஞாபகம் இருக்கும்.

இப்ப நம்ம மருத்துவத்துக்கு வருவோம். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது நம்பினார்கள். அப்படி இல்லை, நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் உணராமல் விரல் சேதமாகிறது என்று அவரும் அவர் குழுவும் காட்டினார்கள். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்தான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. (தொழுநோய் இன்று முழுசா குணமாகும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். யாரையும் ஒதுக்காதீங்க.)

வலி ஒரு பரிசு என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. பெற்றோருக்கு இது முக்கியம். பிள்ளை போட்டியில் தோற்றால் உடனே வேறு பரிசு வாங்கித் தர்றோம். தாத்தா இறந்தால் சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவதில்லை. சின்னச் சின்ன வலியைக்கூட உணர விடாமல் வளர்த்தால், பெரிய வலி வரும்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதுக்காக நாமே வலியை உண்டாக்கணும் என்று அர்த்தம் இல்லைங்க. அது தானா வரும். வரும்போது பக்கத்தில் உட்காரணும், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடமும் ஒன்று உண்டு. 1923-ல், 9 வயதில், பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்பா கடிதம் தவறாமல் எழுதினார். 1929-ல் பிளாக்வாட்டர் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி முதலில் வந்துவிட்டது. கப்பலில் கிளம்பியிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை.

ஊழியம் பெரிசா, பிள்ளை பெரிசா? அந்தக் காலத்தில் மிஷனரிகள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களைத் தீர்ப்பு சொல்ல நான் வரலை. ஆனால் வளைகுடாவில் வேலை பார்க்கிற அப்பாக்கள், ஹாஸ்டலில் பிள்ளையை விட்டவர்கள், வாரம் ஏழு நாளும் சபை வேலையில் ஓடுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமா படிக்கணும். பக்கத்தில் இருக்க முடியாதவர்கள், அந்த அப்பா மாதிரி தவறாமல் எழுதவாவது செய்யலாம். 'குட் மார்னிங்' ஃபார்வர்டு கணக்கில் வராது. இன்னைக்கு என்ன பார்த்தேன், உன்னைப் பற்றி என்ன நினைச்சேன் என்று நாலு வரி போதும்.

படிக்க வேண்டியவை, மூணே மூணு:

'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' (டோரத்தி கிளார்க் வில்சன், 1965). பாலின் வாழ்க்கை. மலைப் பகுதியைப் பிள்ளைகளுக்கு ராத்திரி கதையாகவே சொல்லலாம்.

'கிரானி பிராண்ட்' (அதே ஆசிரியர், 1976). எழுபதை நெருங்கும் வயதில் மறுபடி மலை ஏறிய ஈவ்லினின் கதை. 1974-ல் 95 வயதில் இறந்து, மலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கமானார். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இதைக் கொடுங்க.

'பெயின்: த கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' (பிலிப் யான்சியோடு பால் எழுதியது, 1993). கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க.

மூணும் முடியாது என்றால் முதல் புத்தகத்தின் மலை அத்தியாயங்களை மட்டும் படிங்க. முடிச்சுட்டு ஒரு நாள் பிள்ளைகளோடு கொல்லிமலை போங்க. அருவியோடு நிற்காமல் வயல் வரப்பிலும் கொஞ்சம் நடங்க. அங்கே பிள்ளை மரம் ஏறினால், கீழே நின்று பார்த்துக்கோங்க. இறங்கச் சொல்லாதீங்க.